வானம் பயின்ற சிறுவர்

அரசர் படை திரட்டினார், அமைச்சர் ஆணை பிறப்பித்தார் என்று வரலாற்று நூல்களில் நாம் அடிக்கடி படிக்கிறோம். ஊர்ப் பெரியவர்கள் கூடிக் குழு அமைத்துப் பணம் திரட்டி, இடம் தேடிப் பிடித்து, தம் ஊர்ச் சிறுவர்களை விமானப் படைக்கு ஆயத்தம் செய்தார்கள் என்று படிப்பது அரிது. அத்தகைய நிகழ்ச்சியொன்று பிரிட்டனில் 1938ஆம் ஆண்டில் தொடங்கியது. மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு அதனைச் சற்று விரிவாகச் சொல்ல எண்ணுகிறேன். உங்கள் வயதினரே அதில் நடுநாயகமாக விளங்கியவர்கள் என்பது ஒரு காரணம். அவர்களுக்குக் காட்டப்பட்ட கனவும், அவர்கள் கைக்குக் கிட்டிய நனவும் வெவ்வேறாக இருந்தன என்பது மற்றொரு காரணம்.

முதல் உலகப் போர் முடிந்தபின் இருபது ஆண்டுக் காலம் ஐரோப்பியச் சிறுவர்களின் உள்ளத்தை ஆட்கொண்ட பொருள் ஆகாய விமானம். ஸர் ஆலன் காபாம் என்னும் விமானி 1932 முதல் 1935 வரை விமானக் குழு ஒன்றை அழைத்துக்கொண்டு பிரிட்டனின் ஊர்தோறும் சென்றார். நம் நாட்டில் சர்க்கஸ் கொட்டகை வந்திறங்குவதைப் போல அவர் விமானங்கள் ஊர்ப் புறத்துப் புல்வெளியில் வந்திறங்கின. கட்டணம் செலுத்தியவர்களைச் சில நிமிடம் வானில் ஏற்றிக் காட்டினார்கள். பணமில்லாத பையன்கள் வேலியோரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அவ்வாறு அண்ணாந்து பார்த்த தலைமுறையே நம் கதைக்கு உரியது.

ஏனைய நாடுகளிலும் இந்த வேட்கை இருந்தது. 1919ஆம் ஆண்டின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனிக்குப் போர் விமானங்களை மறுத்தது. ஜெர்மன் இளைஞர்கள் பொறியற்ற மிதவை விமானங்களில், அதாவது கிளைடர்களில், மலைச்சரிவுகளிலிருந்து பறக்கக் கற்றார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அந்த ஆர்வம் முழுவதும் அவருடைய இளைஞர் படையின் பிடிக்குள் வந்தது. சோவியத் நாட்டிலும் விமானப் பயிற்சிக் கழகங்களை அரசாங்கமே நடத்தியது. பிரிட்டன் அரசாங்கமோ நெடுங்காலம் வாளாவிருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவர் ஏர் கமடோர் ஜான் ஏட்ரியன் ஷாமியர் என்பவர்.

1883இல் பிறந்த ஷாமியர் இளமையில் இந்தியப் படையில் பஞ்சாப் பிரிவொன்றில் பணியாற்றியவர். பின்னர் விமானம் ஓட்டக் கற்று, முதல் உலகப் போரில் பறந்து, 1929இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் வீட்டில் அமர்ந்து ரோஜாச் செடிக்கு நீர் ஊற்றவில்லை. விமானக் கழகம் என்ற பொதுநல அமைப்பின் செயலாளராகி, அடுத்த போர் வானிலேயே தீர்மானிக்கப்படும் என்று கருதினார். விமானிகளை ஒரே நாளில் உண்டாக்க இயலாது; சிறுவர்களை முன்னரே பழக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1938இல் அவர் முயற்சியால் ‘விமானப் பாதுகாப்பு மாணவர் படை’ தோன்றியது. 14 முதல் 18 வயது வரை உள்ள சிறுவர்கள் அதில் சேரலாம். பிரிட்டன் முழுவதும் 200 அணிகள் அமைப்பது திட்டம்.

இப்படையின் உயிர்நாடி அந்தந்த ஊர் அணியே. முதல் அணி லெஸ்டர் நகரத்தில் எழுந்தது. ஓர் ஊரில் அணி வேண்டுமாயின் அவ்வூரார்தாம் அதனை அமைத்து நடத்த வேண்டும். வணிகர், பள்ளி ஆசிரியர், பழைய போர் வீரர் முதலியோர் குழுவாகக் கூடினர். பள்ளிக்கூட அறை ஒன்றையோ, கோயில் மண்டபம் ஒன்றையோ இரவலாகவோ வாடகைக்கோ பெற்றனர். அரசாங்க மானியத்தை எதிர்பார்க்க இடமில்லை. பையன்களும் வாரந்தோறும் மூன்று பென்னி சந்தா செலுத்தினர்.

அந்த மூன்று பென்னியைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். அக்காலத்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். நூறு பையன்கள் தவறாமல் கொடுத்தாலும் வாரத்திற்கு 300 பென்னி, அதாவது ஒரு பவுன் ஐந்து ஷில்லிங்தான் சேரும். அதனைக்கொண்டு அறை வாடகையும் விளக்குச் செலவும் கொடுத்தபின் விமானம் எங்கே வாங்குவது? ஆகவே எஞ்சிய சுமை ஊரார் தலையில் விழுந்தது. என் கருத்தில் அது நல்லதாகவே முடிந்தது. தாம் பணம் கொடுத்து வளர்த்த அணியைத் தம் வீட்டுப் பிள்ளையைப் போல ஊரார் நேசித்தார்கள். முதல் ஐம்பது அணிகள் தம் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்டன. ‘நிறுவியோர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. ஆசிரியர்களும் அதிகாரிகளும் படைக்கு அழைக்கப்பட்டு அணிகளை விட்டுச் சென்றனர். பையன்கள் சோர்ந்துவிடவில்லை. அருகிலிருந்த விமானத் தளங்களுக்குச் சென்று ஏவல் செய்தனர். செய்தி கொண்டு ஓடினர்; அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தனர்; விமானங்களைத் தள்ளி நிறுத்த உதவினர்; மணல் மூட்டைகளை ஆயிரக்கணக்கில் நிரப்பி அடுக்கினர்; இயந்திரத் துப்பாக்கிகளுக்கான குண்டுப் பட்டைகளைக் கோத்துக் கொடுத்தனர். வானத்தைப் பற்றிய கனவோடு வந்தவர்களுக்கு மணல் அள்ளும் வேலை கிடைத்தது என்று நாம் நகைக்கலாம். ஆயினும் 1940இன் கோடைப் போரில் ஒவ்வொரு கையும் தேவையாயிருந்தது. அதைக் கண்ட பின்னரே அரசாங்கம் இப்படையின் அருமையை உணர்ந்தது.

1941 பிப்ரவரி 5ஆம் நாள் பழைய அமைப்பின் இடத்தில் ‘ஏர் டிரெயினிங் கோர்’ என்னும் விமானப் பயிற்சிப் படை அரசாணையால் நிறுவப்பட்டது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் அதன் பெருந்தலைவரானார். ஷாமியர் முதல் தளபதியாக 1944 வரை பணியாற்றினார். ‘வெஞ்சர் அட்வெஞ்சர்’, அதாவது அருஞ்செயலில் துணிந்து இறங்கு, என்பது அவர் படைத்த குறிக்கோளுரை. ஒரே மாதத்தில் அணிகளின் எண்ணிக்கை இரட்டிப்பினும் மிகுந்து 400ஐத் தாண்டியது. கழுத்துவரை பொத்தானிட்ட சாம்பல் நீலச் சட்டை அணிந்த பையன்களை ஊர்தோறும் காண முடிந்தது. இப்போது அரசாங்கம் செலவை ஏற்றது. எனினும் ஊர்ப் பெரியோர் குழு கலைக்கப்படவில்லை. அணிக்கு அது துணையாகவே நின்றது.

மாலை நேரத்தில் அவ்வணிகளில் என்ன கற்பித்தார்கள்? அணிவகுப்பும் உடற்பயிற்சியும் இருந்தன. அவை எல்லாப் படைகளுக்கும் பொது. இப்படையின் தனிச்சிறப்பு கணக்கில் இருந்தது. அன்றைய பிரிட்டனில் பெரும்பாலான பிள்ளைகள் 14 வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போயினர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. பள்ளி விடும் வயது 15ஆக உயர்ந்தது 1947இல்தான். தொழிற்சாலையில் பகலெல்லாம் உழைத்த பையன் மாலையில் அணிக்கு வந்து, தான் விட்டுவந்த பின்னத்தையும் கோணத்தையும் மறுபடி கையிலெடுத்தான். வாத்தியார் பிரம்போடு கற்பித்தபோது கசந்த அதே கணக்கு, விமானத்தின் வழியைக் காட்டியபோது இனித்தது.

எடுத்துக்காட்டாக ஒன்று கூறுகிறேன். மணிக்கு 100 மைல் வேகத்தில் நேர் வடக்கே ஒரு விமானம் பறக்கிறது. மேற்கிலிருந்து மணிக்கு 20 மைல் வேகத்தில் காற்று வீசுகிறது. விமானியின் திசைகாட்டி வடக்கையே காட்டும். அவன் தவறாகப் போவதாக அது எச்சரிக்காது. ஆனால் ஒரு மணி நேரத்தில் காற்று அவனைக் கிழக்கே 20 மைல் தள்ளியிருக்கும். இரவில், விளக்கணைத்த நாட்டின் மேல், 20 மைல் பிழை என்பது வேறொரு நகரத்தின் மேல் போய் நிற்பதாகும். வடக்கே செல்ல விரும்புபவன் விமானத்தின் மூக்கை மேற்குப் பக்கம் ஏறக்குறைய பதினொன்றரைப் பாகை திருப்பிப் பறக்க வேண்டும். அப்போது தரையின் மேல் அவன் வேகம் 98 மைலாகக் குறையும். நீங்கள் தாளில் ஒரு முக்கோணம் வரைந்து சரிபார்த்துக்கொள்ளலாம். பிதாகோரஸ் கண்ட முக்கோணமே அது. அந்த முக்கோணத்தைத்தான் அணி அறையில், மங்கிய விளக்கொளியில், பென்சிலும் அளவுகோலும் கொண்டு பதினாறு வயதுப் பையன்கள் வரைந்து பழகினார்கள்.

மற்றொரு பாடம் மோர்ஸ் தந்திக் குறியீடு. நம் எழுத்துகளில் குறிலும் நெடிலும் மாத்திரையால் வேறுபடுகின்றன அல்லவா? மோர்ஸ் குறியீட்டில் புள்ளி குறில். கோடு அதனினும் மும்மடங்கு நீண்ட நெடில். காதால் கேட்டு, எண்ணாமல் எழுத வேண்டும். பையன்கள் பேருந்தில் போகும்போதுகூட இருக்கைக் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே போயிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மூன்றாவது பாடம், தொலைவில் தெரியும் விமானத்தை இன்னதென்று இனங்காணுதல். இது விளையாட்டுப் போலத் தோன்றும். 1939 செப்டம்பர் 6ஆம் நாள், போர் தொடங்கிய மூன்றாம் நாளிலேயே, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தம் நாட்டு ஹரிக்கேன் விமானங்களையே பகைவர் எனக் கருதிச் சுட்டு, இரண்டை வீழ்த்தின; விமானி ஒருவர் உயிரிழந்தார். உருவத்தைப் பிரித்தறியத் தெரியாமையின் விலை அது. ஆகவே அணிகளில் நிழலுருவப் படங்களைச் சில நொடிகளே காட்டி மறைத்து, ‘இது எது?’ என்று வினவினார்கள். இறக்கையின் வளைவையும் வாலின் வடிவையும் பையன்கள் முகம் போல நினைவில் கொண்டார்கள்.

பறப்பது எப்போது என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களும் அதைத்தான் ஓயாமல் கேட்டார்கள். கோடைக்கால முகாமுக்குச் சென்றபோது, தளத்தில் புறப்படும் பயிற்சி விமானமொன்றில் இடமிருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். சிலர் அத்தகைய பயணங்களில் விபத்துக்குள்ளாகி இறந்ததும் உண்டு. போரின் நடுவே கிளைடர் பயிற்சியும் தொடங்கிற்று. அதன் முறை இன்று நமக்கு வியப்பளிக்கும். கிளைடரில் ஓர் இருக்கைதான். ஆசிரியர் உடன் அமர இடமில்லை. வானில் தடுப்புப் பலூன்களை ஏற்றி இறக்கிய கம்பிச் சுருள் பொறிகளைக்கொண்டு கிளைடரை இழுத்தார்கள். முதலில் தரையிலேயே இழுபட்டு, இறக்கை ஒரு பக்கம் சாயாமல் காக்கப் பழக வேண்டும். அடுத்துச் சில அடி உயரம் எழும்பி இறங்க வேண்டும். அதன்பின் இன்னும் சற்று உயரம். முப்பது நொடி நேராகப் பறந்து நல்லபடி இறங்கினால் முதற் சான்றிதழ் உரியது. பதினாறு வயதுப் பையன், தனியாக, எவர் கையும் எட்டாத இடத்தில் கழித்த அந்த முப்பது நொடிகள் அவன் வாழ்நாளில் சிறியன அல்ல.

இனி, கதையின் கடினமான பகுதிக்கு வருகிறேன். பயிற்சி பெற்றவர்கள் எங்கே போனார்கள்?

பலர் அரச விமானப் படையில் சேர்ந்தனர். போருக்கு முந்திய நாளில் கிரான்வெல் விமானக் கல்லூரியில் மகனைச் சேர்க்கப் பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஏழை வீட்டுப் பையனுக்கு அவ்வழி ஏறக்குறைய அடைபட்டதே. மாலை நேர அணியில் கற்ற முக்கோணம் அவனுக்கு வேறொரு வாயிலைத் திறந்தது. திறந்த வாயிலின் வழியே அவன் சென்ற இடங்களுள் குண்டுவீச்சு விமானப் பிரிவும் ஒன்று. அப்பிரிவில் பறந்தோர் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களுள் 55,573 பேர் மடிந்தனர். ஐவரில் இருவருக்கு மேல் என்பது கணக்கு. பின்னத்தை ஆவலோடு கற்ற பையன்களைப் பற்றி இந்தப் பின்னத்தைச் சொல்ல நேர்கிறது.

வேறு சிலருக்கு வாய்த்ததோ வானத்திற்கு நேர் எதிர்த் திசை. 1943 டிசம்பரில் பிரிட்டனில் நிலக்கரித் தட்டுப்பாடு முற்றியது. சுரங்கத் தொழிலாளர் பலர் படைக்குச் சென்றுவிட்டனர். தொழிலமைச்சர் எர்னஸ்ட் பெவின் ஒரு முறை வகுத்தார். படைச் சேவைக்கு அழைக்கப்படும் இளைஞர்களின் பதிவெண்ணின் இறுதி இலக்கத்தைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். 0 முதல் 9 வரை உள்ள இலக்கங்களில் எது வருகிறதோ, அதில் முடியும் எண்ணுடையவன் படைக்குப் பதிலாகச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். மறுத்தால் சிறை. விமானி ஆவதற்கென ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தேர்வை அடையாத அணிப் பையன்களுக்கு அவர்கள் அணிந்த நீலச் சட்டை புகலிடம் தரவில்லை. மாலைதோறும் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டவர்கள் ஒருநாள் காலையில் விளக்கைத் தொப்பியில் மாட்டிக்கொண்டு பூமிக்குள் இறங்கினார்கள்.

‘பெவின் பையன்கள்’ என்று அவர்களை அழைத்தார்கள். 1948இல் முறை முடிவுறும் வரை சுரங்கம் புகுந்தோர் ஏறக்குறைய 48,000 பேர். அவர்களுள் தாமே விரும்பிச் சென்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சீருடை இல்லை. ஆகவே தெருவில் நடந்தால், உடல் வலுவுள்ள இளைஞன் போருக்குப் போகாமல் சுற்றுகிறான் என்று மக்கள் ஏசினார்கள். காவலர் நிறுத்தி வினவினார்கள். வீரர்களுக்குக் கிடைத்த பதக்கமும் அவர்களுக்கு இல்லை. அரசாங்கம் அவர்கள் நினைவாக ஒரு சின்னம் வழங்கியது 2008ஆம் ஆண்டில். அதற்குள் பலர் மறைந்துவிட்டார்கள்.

போரின் இறுதிக் கட்டத்தில் மற்றொரு மாறுதலும் நேர்ந்தது. கனடா முதலிய நாடுகளில் நடந்த பெரும் பயிற்சித் திட்டத்தால் 1944இல் தேவைக்கு மிகுந்த விமானிகள் உருவாகிவிட்டனர். தேர்வு பெற்றும் அழைப்பு வராமல் காத்திருந்தோர் பலர்; தரைப்படைக்கு மாற்றப்பட்டோரும் உண்டு. முழுப் பயிற்சி முடித்த விமானிகளில் சிலர், ஆர்னெம் சண்டையில் கிளைடர் விமானிகள் பெருந்தொகையாக அழிந்ததால், அவர்கள் இடத்தை நிரப்ப அனுப்பப்பட்டு, 1945 மார்ச் 24இல் ரைன் ஆற்றைக் கடந்த தாக்குதலில் கிளைடர்களையே ஓட்டினர்.

சிறுவர்களுக்கு வானத்தைக் காட்டிப் போருக்கு இழுத்தது முறையா என்று நான் பலமுறை சிந்தித்திருக்கிறேன். ஷாமியர் தம் நோக்கத்தை மறைக்கவில்லை. ஊராரும் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுத்தார்கள். பகைவன் வாயிலில் நின்றான் என்பதும் மெய். ஆனால் பையனுக்குத் தரப்பட்ட வாக்கு ‘பறப்பாய்’ என்பது. தேசத்தின் தேவை மாறியபோது அந்த வாக்கு ஒரு சீட்டுக் குலுக்கலில் கரைந்தது. சுரங்கத்துக்கு அனுப்பியதைக்கூட நான் குறை கூற மாட்டேன். நிலக்கரி இன்றித் தொழிற்சாலை ஓடாது, தொழிற்சாலை இன்றி விமானமும் இல்லை. அனுப்பிய பிறகு அறுபது ஆண்டுக்கு மேல் அவர்களை மறந்திருந்ததற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

நம் நாட்டு அமைப்பையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் 1946இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1948ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் தேசிய மாணவர் படை தோன்றிற்று. அதன் விமானப் பிரிவு 1950இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஓரோர் அணியாகத் தொடங்கியது. நம் படை பள்ளியையும் கல்லூரியையும் பற்றி வளர்ந்தது. பிரிட்டனின் படை பெரிதும் ஊரைப் பற்றி வளர்ந்தது. கல்லூரி வாயிலை மிதிக்காத தொழிலாளிப் பையனுக்கும் அங்கே இடமிருந்தது. நம் முறையில் படிப்பை நிறுத்திவிட்டவன் பெரும்பாலும் வெளியே நிற்கிறான். இவ்வேறுபாட்டை நம் கல்வியாளர்கள் இன்னும் போதிய அளவு ஆராயவில்லை என்பது என் எண்ணம்.

போர் ஓய்ந்தபின் பிரிட்டன் அணிகள் கலைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். இரண்டு இருக்கை கொண்ட கிளைடர்கள் வந்தன. ஆசிரியர் தரையில் நின்று கூவிய காலம் போயிற்று. 1958இல் பறக்கும் அனுபவம் தருவதற்கெனத் தனி விமானப் பிரிவுகள் அமைந்தன. சிப்மங்க் என்னும் சிறு விமானத்தில் மாணவர்கள் முறை வைத்து ஏறினர். போர்க்காலத்தில் தனி அமைப்பில் பயின்ற பெண்கள் 1980களில் இந்த அணிகளிலேயே சேர்க்கப்பட்டனர். எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ எழுத்தைத் தாங்கிய அணிகள் இன்றும் இருக்கின்றன. ஊர்ப் பெரியோர் குழு இன்றும் கூடி அவற்றுக்குப் பணம் திரட்டுகிறது.